சீனியர்களின் இணையக் கதைப்புத்தகங்களை எப்படிப் படிப்பது? இரண்டாமாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். எங்கள் தாளில் ஓர் அசைன்மென்ட் உண்டு. ஒரு பழங்கதையை எடுத்துக்கொண்டு, ஒரு முன்னுரை, அதிலிருந்து மூன்று கதைகள், ஒவ்வொரு கதையின் கீழும் ஓர் ஆசிரியர் குறிப்பு என்று கூகுள் சைட்ஸில் சின்னதாக ஒரு கதைப்புத்தகம் செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் யாரும் எழுதக் கூடாது. முந்தைய பேட்ச் செய்துவைத்த புத்தகங்களைப் படித்துக் குறிப்பெடுப்பது மட்டும்தான் வேலை. கேள்விகளெல்லாம் இந்த இரண்டு வாரத்தில்தான் கிளம்புகின்றன. வகுப்பு வாசலில் கேட்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்கிறார்கள், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பிலும் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் நானும் கொஞ்சம் தூங்கலாம்.

கேள்வி: நேராக எழுத ஆரம்பித்தால் என்ன மேடம்? எதற்கு முதலில் படிக்கச் சொல்கிறீர்கள்?

ஆரம்பத்தில் அப்படித்தான் விட்டுப் பார்த்தேன். எல்லாரும் ஒரே குரலில் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு ஊர், ஒரு ராஜா, கடைசியில் நீதி என்று பள்ளிப் பாடப்புத்தகத்தின் குரல். சரி, பெரிய எழுத்தாளர்களைப் படியுங்கள் என்றேன். படித்தார்கள். “அவங்க எழுத்தாளருங்க, நாங்க எங்க மேடம்” என்று பேனாவை மூடிவிட்டார்கள். போன வருடம் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், உங்களைப் போலவே போனில் தட்டித் தட்டிச் செய்த புத்தகத்தைப் பார்த்தால் அந்தச் சாக்கு செல்லாது. அவளுக்கும் கரண்ட் போனது, அவளும் காரிமங்கலத்தில் பஸ்ஸை விட்டிருக்கிறாள், ஆனாலும் முடித்திருக்கிறாள்.

கேள்வி: எத்தனை படிக்க வேண்டும்? எதை எடுப்பது?

மூன்று போதும். முழுதாக, முன்னுரையிலிருந்து கடைசி ஆசிரியர் குறிப்பு வரை. பத்துப் புத்தகங்களின் முகப்புப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதை நான் படிப்பு என்று கணக்கில் எடுப்பதில்லை.

நீங்கள் எழுத நினைக்கும் கதைக்குக் கிட்டத்தில் ஒன்று. அதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஒன்று. மூன்றாவது, பட்டியலில் தலைப்பைப் பார்த்ததும் “இதுல என்ன இருக்கப் போவுது” என்று தள்ளிவிட்டுப் போனீர்களே, அது.

கேள்வி: படித்தேன், நன்றாக இருந்தது. அதற்குமேல் குறிப்பில் என்ன எழுதுவது?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

கதையில் என்ன நடந்தது என்று எழுதிவராதீர்கள். அது எனக்குத் தெரியும். எழுதியவர் எந்த இடத்தில் நின்று, இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்று தேடுங்கள். யார் வாயால் சொல்கிறார்? எங்கே ஆரம்பிக்கிறார்? எதை விட்டுவிட்டார்? பழங்கதையில் இல்லாத எதைச் சேர்த்தார்? இந்த நான்குக்கும் விடை கிடைத்தால், அவர் சமைத்த அடுப்படிக்குள் போய்வந்தமாதிரி.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் நெல்லிக்கனி. வருடா வருடம் குறைந்தது இரண்டு பேராவது இதை எடுக்காமல் இருப்பதில்லை, தருமபுரியில் இருந்துகொண்டு எடுக்காமல் இருக்கவும் முடியாது. புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவை சொல்வது கொஞ்சம்தான். பெரிய மலையின் பிளவில், ஏற அரிதான உச்சியில் இருந்த நெல்லிக்கனி. அதன் பயனை மனதுக்குள்ளேயே மறைத்துக்கொண்டு, நான் சாகாமல் இருக்க எனக்குக் கொடுத்தாயே என்கிறாள். நஞ்சுண்டும் சாகாத நீலகண்டனைப் போல நீ நிலைத்திருப்பாய் என்று வாழ்த்துகிறாள். அவ்வளவுதான்.

இதை வைத்து மூன்று பேர் செய்த மூன்று புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன. முதலாமவர் பாட்டை அப்படியே கதையாக விரித்தார். அரண்மனை, சிம்மாசனம், வசனம். குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைவில் நிற்கவும் ஒன்றுமில்லை. இரண்டாமவர் பென்னாகரத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துப் பையன். மலை ஏறத் தெரிந்த ஓர் ஆளைக் கொண்டுவந்து, அரசனோடு கயிறு பிடித்துப் போனவன் அவன்தான் என்று அவன் வாயால் சொல்ல வைத்தான். கதை முழுக்கக் கால் வழுக்குகிறது, முள் குத்துகிறது, கனி கடைசிப் பத்தியில்தான் வருகிறது. மூன்றாமவள் கதையைத் தலைகீழாகப் பிடித்தாள். அதியமான் இறந்த பிறகு ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டு ஒன்று உண்டு, புறநானூறு 235. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுப்பான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடக் கூடவே இருந்து குடிப்பான் என்று தொடங்கும். அங்கிருந்து ஆரம்பித்தாள் அவள். கனியைத் தின்றவள் உயிரோடு இருக்கிறாள், நிலைத்திரு என்று அவள் வாழ்த்தியவன் இல்லை. இந்தக் கணக்கு ஔவையை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு பாட்டும் எல்லாருக்கும் கிடைக்கக்கூடியவைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அவள் ஒருத்தி.

உங்கள் குறிப்பில் எழுத வேண்டியது இதுதான். “கதை அருமை” என்று எழுதினால் திருப்பி அனுப்புவேன். “அவன் இறந்ததிலிருந்து ஆரம்பித்ததால், கனி கொடுக்கும் காட்சி வரும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது” என்று எழுதினால் உங்கள் புத்தகத்துக்கு அங்கேயே ஒரு வழி பிறந்துவிட்டது.

கேள்வி: என் மூன்றில் ஒன்று படு மொக்கை. அதை மாற்றிக்கொள்ளலாமா?

கூடாது. உண்மையைச் சொன்னால், உங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது.

பிரமாதமான புத்தகத்தைப் படித்தவர்கள் பெரும்பாலும் என்னிடம் வந்து பேசாமல் நிற்கிறார்கள். எல்லாவற்றையும் அவரே செய்துவிட்டார், இனி நான் என்ன செய்வது என்கிற முகம். அரைகுறைப் புத்தகத்தைப் படித்தவர்கள் சண்டைக்கு வருவதுபோல வருகிறார்கள். “அந்த இடத்துல இப்படிச் செஞ்சிருக்கலாம் மேடம், விட்டுட்டாங்க” என்பார்கள். அந்த “இப்படி” இருக்கிறதே, அதுதான் உங்கள் கதை.

ஒரு பையன் நடுகற்களைப் பற்றி ஒரு புத்தகம் செய்திருந்தான். அவசரத்தில் செய்தது, பாதிக்குமேல் வெறும் தகவல். அதில் செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல் ஒரே வரியில் வந்துபோனது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். எருமைகளைக் காத்துச் செத்த வீரனோடு, கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதையும் அந்தக் கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. மறு வருடம் அதைப் படித்த ஒருத்திக்குக் கோபம். “நாய்க்குக் கல்லுல எழுதி வெச்சிருக்காங்க, இவரு ஒரு வரியில முடிச்சிட்டாரு” என்றாள். அவளுடைய புத்தகத்தின் மூன்று கதைகளையும் நாய்தான் சொன்னது.

தொண்டைமானின் ஆயுதசாலைக்கு ஔவை தூது போன கதை உங்களுக்குத் தெரியும். பீலி சூட்டி நெய் பூசிப் பளபளக்கும் ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவள் சொல்வாள். பட்டியலில் பளபளப்பாக இருக்கும் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வரும். அதற்காக உங்கள் புத்தகத்தில் எழுத்துப்பிழை விடலாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சீனியர் எடுத்த அதே கதையை நானும் எடுக்கலாமா?

தாராளமாக. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பாரதம் படிக்கிறார்கள், ராத்திரி கூத்து நடக்கிறது. கடைசியில் படுகளத்தில் மண் துரியோதனன் படுத்திருக்கிறான். போன தடவையும் கர்ண மோட்சம்தானே, ஏன் மறுபடியும் என்று பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் யாராவது கேட்டதுண்டா? கதை தெரியும் என்பதால்தான் இந்த வருடம் கர்ணன் கட்டுபவர் எப்படிச் செய்கிறார், கட்டியங்காரன் எந்த ஊர் வம்பை நடுவில் இழுக்கிறான் என்று கவனிக்க முடிகிறது.

கதையை எடுக்கலாம். கோணத்தை எடுக்கக் கூடாது. மலை ஏறியவன் வாயால் நெல்லிக்கனி வந்துவிட்டது. நீங்கள் அதையே செய்தால், குரலை மட்டும் மாற்றிப் பாடுகிற மிமிக்ரி ஆகிவிடும்.

அதியமானே வேண்டும், புதிதாகவும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அதியமானைச் சேரன் வென்ற தகடூர்ப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் இருந்தது. முழுதாகக் கிடைக்கவில்லை. பிற்காலத் தொகுப்பிலும் உரைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பாடல்கள்தாம் மிச்சம். ஜெயித்த பக்கத்துப் பாட்டு நம்மிடம் இருக்கிறது: தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில் கிழார் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. தோற்ற ஊரின் தெருவில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்குக் காலியிடம் நிறைய இருக்கிறது. நம் பட்டியலில் இதுவரை ஒருவரும் அங்கே கால் வைக்கவில்லை.

கேள்வி: காப்பி எங்கே ஆரம்பிக்கிறது? பிடித்த வரி தானாகவே கைக்கு வந்துவிடுகிறதே?

வரும். எனக்கும் வந்திருக்கிறது. நான் படித்த காலத்தில் கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு சிறுகதை கொடுத்தேன். கடைசிக் காட்சியில் ஒரு பாட்டி, செத்துப்போன மாட்டின் மணியை எடுத்து வாசல் கதவில் கட்டுவாள். எல்லாரும் பாராட்டினார்கள். ஹாஸ்டலில் என் அறைத்தோழி மட்டும் மலரை மூடிவைத்துவிட்டு, “எங்க பாட்டி அந்த மணியை இன்னும் கழட்டலடி” என்றாள். ஒரு வருடம் முன்னால் ஒரு ராத்திரி அவள் எனக்குச் சொன்ன விஷயம் அது. சத்தியமாக எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் சண்டை போடவில்லை, அதுதான் இன்னமும் குத்துகிறது.

அதனால் இரண்டு பழக்கங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறேன். படிக்கும்போது, எந்தப் புத்தகத்தில் எதைப் பார்த்தேன் என்று பெயரோடு குறித்துவையுங்கள். எழுதும்போது அந்தப் புத்தகத்தைத் திறந்துவைக்காதீர்கள், ஒரு ராத்திரியாவது இடைவெளி விடுங்கள். நினைவில் தங்கியது போதும். பிறகு ஆசிரியர் குறிப்பில், இன்ன பேட்சில் இன்னார் செய்த புத்தகத்தைப் படித்தபோது இந்த யோசனை வந்தது என்று ஒரு வரி. அதை எழுதக் கூச்சமாக இருந்தால், எடுத்தது கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம்.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் லிங்கைக் கொடுத்துச் சுருக்கம் கேட்டால் நேரம் மிச்சமாகுமே?

மிச்சமாகும். கதை என்ன என்று சுருக்கம் சொல்லிவிடும். கதை என்ன என்று நான் கேட்கவே இல்லையே. எந்த இடத்தில் உங்களுக்குக் கொட்டாவி வந்தது, எந்த இடத்தில் பஸ் நிறுத்தம் தாண்டிப் போனதைக் கவனிக்கவில்லை என்று கேட்கிறேன். அதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

கேள்வி: எனக்கு ஊர்க் கதை எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்கிறார்கள். கன்னட வீட்டுப் பிள்ளைகளும். தயங்க வேண்டாம், உங்களிடம் மற்றவர்களைவிட ஒரு மூட்டை அதிகமாக இருக்கிறது. பாட்டி தெலுங்கில் சொன்ன கதையைத் தமிழில் எழுதுங்கள். பாட்டி திட்டுகிற வார்த்தையை மட்டும் தெலுங்கிலேயே விடுங்கள். போன பேட்சில் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது, அதைப் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஊர்க் கதையே தெரியாது என்பதை நான் நம்புவதில்லை. உங்கள் ஊர் எல்லையில் வேடியப்பன் என்று ஒரு கல்லுக்குப் பொங்கல் வைக்கிறார்களா? பல ஊர்களில் அது பழைய நடுகல்தான். மாடு மீட்கப் போய் விழுந்தவனோ, புலியோடு கட்டிப்புரண்டு செத்தவனோ, இன்றைக்குச் சாமியாக நிற்கிறான். கல்லில் பொறித்த உருவத்தின் கையில் என்ன இருக்கிறது, இடுப்பில் என்ன இருக்கிறது, பக்கத்தில் மாடா, புலியா, நாயா என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஊரில் கல் இல்லாதவர்கள் தருமபுரி அகழ்வைப்பகத்தில் போய்ப் பார்க்கலாம். கல்லே வேண்டாம் என்றால் ஒகேனக்கல் பரிசல் இருக்கிறது, மாம்பழக்கூழ் ஆலைக்கு லாரி வரிசை கட்டி நிற்கும் கிருஷ்ணகிரி ரோடு இருக்கிறது, ராயக்கோட்டை தக்காளி மண்டி இருக்கிறது. விலை சரிந்து தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு வீடு திரும்பும் ஆளுக்கு, காட்டுக்குப் போன பாண்டவர் கதையில் ஓர் இடம் கொடுக்க முடியுமா என்று ஒருவர் முயன்றார். முழுதாகக் கைகூடவில்லை. அந்தப் புத்தகமும் பட்டியலில் இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி: எழுதியவர் இப்போது என் பக்கத்து ரூம் அக்கா. குறை எழுதினால் கோபித்துக்கொள்வாரே?

அக்காவின் எழுத்தைப் பற்றி எழுதாதீர்கள், நீங்கள் படித்த அனுபவத்தைப் பற்றி எழுதுங்கள். “உங்களுக்குக் கதை சொல்ல வரவில்லை” என்றால் யாருக்கும் கோபம் வரும். “இரண்டாம் கதையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறான், புலி வந்தபிறகு ஆட்டைக் காணோம், ஆடு எங்கே போனது என்று தேடிக்கொண்டே கடைசிவரை படித்தேன்” என்று எழுதுங்கள். கோபம் வராது. சிரிப்பு வரும், பிறகு போய் ஆட்டைத் தேடுவார்.

“சூப்பர்”, “செம”, கைதட்டும் பொம்மை இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

கேள்வி: வெளியில் உள்ள கதைத்தளங்களையும் பார்க்கலாமா?

சீனியர்களுடைய மூன்றை முடித்துவிட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழிலேயே ஏராளமாகப் படக்கதைகள் இருக்கின்றன. வாசிப்பு நிலை நான்காகப் பிரித்திருப்பார்கள். முதல் நிலைக் கதைகளை அலட்சியமாகத் தள்ளாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியில் கதை நகர்த்துவது எவ்வளவு கடினம் என்று பத்துப் பக்கம் எழுதிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அங்குள்ள கதைகள் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லி எடுத்து மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்திலும் உரிம விவரம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படங்களுக்கு?

சீனியர் போட்ட படத்தை அப்படியே இறக்கிப் போடாதீர்கள். அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தெரியாது. உங்கள் போனில் நீங்களே எடுத்த படம் சுமாராக இருந்தாலும் எனக்கு அதுவே உசத்தி. விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தால் எடுத்தவர் பெயர் வேண்டும். ஏஐயில் வரைந்த அதியமானுக்குப் பெரும்பாலும் வடநாட்டு ராஜா வேஷம் வந்துவிடுகிறது, அப்புறம் உங்கள் இஷ்டம்.

கேள்வி: ஒரு சீனியர் புத்தகத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக, கிறுக்கலாக வருகிறது.

பழைய பாமினி எழுத்துருவில் டைப் செய்து அப்படியே ஒட்டியிருப்பார். யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகும், இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. நீங்கள் முதலிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள். வாய்ஸ் டைப்பிங் செய்பவர்கள் பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு புத்தகத்தில் ‘நடுகல்’ என்று வர வேண்டிய இடமெல்லாம் ‘நடுங்கல்’ என்று வந்திருந்தது. குளிரில் நடுங்குகிற கல் என்று வகுப்பே ஒரு வாரம் சிரித்தது. ஒருத்தி அதையே தலைப்பாக வைத்து மார்கழி மாதக் கதை ஒன்று எழுதிக் கொடுத்தாள், நன்றாகவே இருந்தது.

கேள்வி: என் புத்தகத்தையும் அடுத்த வருடம் ஜூனியர்கள் படிப்பார்களா?

நீங்கள் சம்மதித்தால் மட்டும். கடைசி வாரம் ஒரு படிவம் தருவேன். பட்டியலில் சேர்க்கலாமா, உங்கள் பெயரோடா, புனைபெயரிலா என்று அதில் எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் அதற்காக மதிப்பெண் குறையாது. சேர்ப்பவர்கள் ஒரு வேலை மட்டும் மறக்காமல் செய்யுங்கள்: லிங்கை எனக்கு அனுப்புவதற்குமுன் உங்கள் அம்மாவின் போனிலோ தம்பியின் போனிலோ திறந்து பாருங்கள். சில வருடங்களுக்கு முன் நல்ல புத்தகங்கள் நான்கு, அனுமதி கொடுக்காமல் பூட்டியே வந்துசேர்ந்தன. எழுதியவர்கள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். சாவி இல்லாமல் அவை இன்னமும் பட்டியலில் அப்படியே நிற்கின்றன.